உதைத்துத் திறந்த கதவு

தலைவர் அவர்களே, பதுளை நீதிமன்றத்துத் தோழர்களே, துணைவரை இழந்து நிற்கும் சந்திரகாந்தி அம்மையாரே, மழையையும் பாராமல் அப்புத்தளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் வந்து, நாற்காலி இருந்தும் உட்காராமல் பின்னால் நிற்கும் தோட்டத்து மக்களே!

ஏழைகளுக்காக வழக்காடிய புரொக்டர் வைரவநாதன் போய்விட்டார். என்ன சொல்லி உங்களைத் தேற்றுவேன்? அவரோடு கோர்ட்டுக்குப் போய்வந்த எனக்கே மனம் ஆறவில்லையே! வென்றதைச் சொல்லிப் புகழலாமென்றால், அவர் உயிராய் நினைத்த ஒரு வாதத்தில் ஒருமுறைகூட அவர் வெல்லவில்லை.

அது என்ன வாதம்? வாரண்ட் இல்லாமல், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கதவை உதைத்துத் திறந்து எடுத்த பொருளை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்கலாமா? இதைத்தான் வருடக்கணக்காகக் கேட்டார். "கள்ளனுக்கு வக்காலத்து" என்று நம்மவர்களே நையாண்டி செய்தார்கள்.

தோட்டத் தொழிலாளி லிங்கத்தின் வழக்கை மறக்க முடியுமா? லயத்தில் அவர் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவில், களவுபோன தேயிலைத்தூள் மூட்டை இருந்தது உண்மை. வைரவநாதன் அதை மறுக்கவே இல்லை. "மூட்டை எப்படி உள்ளே வந்ததென்று பிறகு கேளுங்கள், பொலிஸ் எப்படி உள்ளே வந்ததென்று முதலில் கேளுங்கள்" என்றார். தோட்டத்தை நடத்தும் துரை போகச் சொன்னார் என்றது பொலிஸ். உடனே லிங்கத்தின் மனைவி வள்ளியம்மையைக் கூண்டில் ஏற்றி, "உங்கள் வீட்டுக்குள் வர உங்களிடம் கேட்டார்களா?" என்றார்.

அந்த அம்மா சொன்ன பதில்! "நமக்கு ஏதுங்க வீடு? அது தொரை காம்பராங்க."

கோர்ட்டே சிரித்தது. ஐயோ, இந்த மக்களின் வோட்டைப் பறித்தார்கள், குடியுரிமையோடு நாட்டைப் பறித்தார்கள், வீடு என்ற சொல்லையுமா பறித்துவிட்டார்கள்? யாருடைய வீடானாலும், சோதனை போட்ட முறை தவறேயானாலும், மூட்டை மூட்டைதான் என்றார் நீதவான். லிங்கத்துக்கு மூன்று மாதச் சிறை. குடும்பத்துக்குத் தோட்டத்தில் இடமில்லை. கதவை உதைத்த காலுக்கு? ஒன்றுமில்லை ஐயா, ஒன்றுமே இல்லை!

அன்று பஸ் நிலையத்தில் வைரவநாதன், "அம்மா, இனி ஆர் கேட்டாலும் என்ரை வீடு எண்டு சொல்லுங்கோ" என்றார்.

"இனிமே எந்த வீட்டைங்க சொல்றது?" என்றார் வள்ளியம்மை.

செத்த வீட்டுக்குள் யாராவது கேட்டுவிட்டு நுழைவார்களா? நாமெல்லாம் நேரே போனோம். மொனராகலையில் எங்கோ கூலிக்கு இருக்கும் வள்ளியம்மை வந்தார். திறந்து கிடந்த கதவுக்கு வெளியே நின்று, "உள்ள வரலாமாங்க?" என்று கேட்டார். சந்திரகாந்தி அம்மையார் கதறிக்கொண்டு எழுந்துபோய்க் கைபிடித்து அழைத்துவந்தார்.

வைரவநாதனின் பணியைத் தொடர்வேன் என்று நான் இங்கே உறுதி சொல்ல வேண்டும். வெல்வேன் என்று சொல்லமாட்டேன், அவர் படத்துக்கு முன்னால் பொய் வேண்டாம். திங்கட்கிழமை இன்னொரு லயத்து வழக்கு. அவர் கையிலிருந்தது, இப்போது என் கையில். எழுந்து நின்று பொலிஸ்காரரிடம் கேட்பேன்: "உள்ளே வரலாமா என்று கேட்டீர்களா?"

நீதவான் என்னை உட்காரச் சொல்வார். உட்காருவேன். அடுத்த வழக்கிலும் எழுந்து அதையே கேட்பேன்.