ஜக்கையன் வைத்த பச்சை விளக்கு

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஏலத்தோட்ட உரிமையாளர் வீரையா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் போடிநாயக்கனூர்ப் பெரியவர்களே, ஜீப்பு ஓட்டும் தோழர்களே, ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் தாய்மார்களே, முதல் வரிசையில் இருக்கும் ஜக்கையனின் மனைவி, எங்கள் தங்கை முனியாயி அவர்களே, உங்கள் அனைவருக்கும் கன்னையனின் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் ஜக்கையனைத் தங்கமான மனிதர் என்றார்கள். தங்கமான மனிதர்தான். ஆனால் அவரோடு பழகிய நமக்குத் தெரியும், அவர் வாய் தங்கமில்லை. பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றாமல் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால், "பெத்த பிள்ளைக்கும் இப்படித்தான் கஞ்சி ஊத்துவீகளா?" என்று கேட்டுவிட்டுத்தான் மூடியைத் திறப்பார். அந்தக் கேள்வியை இந்த ஊரில் அதிகமாக வாங்கியவன் நான். மஞ்சள் காமாலை அவரை நாற்பத்தொரு வயதில் கொண்டுபோய்விட்டது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவருடைய பாட்டரிப் பட்டறையின் கதவு மூடியிருப்பதைப் பார்க்க இன்னும் என் கண் பழகவில்லை.

மின்சார வேலை தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். அப்படியிருக்க, பாட்டரி பார்க்கிற ஒருவருக்காக இத்தனை பேர் ஏன் கூடியிருக்கிறோம்? ஒரு சின்னப் பச்சை விளக்குக்காக. அந்த விளக்கின் கதையை முழுதாகச் சொல்லக்கூடியவர் இன்று இரண்டே பேர்தான். ஒருவன் நான். இன்னொருவரும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்.

நம் ஜீப்புகளெல்லாம் ராணுவ ஏலத்தில் வந்தவை. சமதரையில் பின்சக்கரம் இரண்டும் தள்ளினால் போதும். மலையேறும்போது முன்சக்கரமும் சேர்ந்து இழுக்க வேண்டும். அதற்குத் தனியாக ஒரு கம்பி உண்டு. அதை இழுத்தால் உள்ளே ஒரு பல்சக்கரம் நகர்ந்து இன்னொன்றோடு கடித்துக்கொள்ளும். முன் கியர் விழுந்தது என்போம். சரி, விழுந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? கம்பி வந்ததா, விழுந்தது. அவ்வளவுதான் நமக்குத் தெரியும்.

அதை எங்கே இழுப்போம் என்பதும் உங்களுக்குத் தெரியும். குரங்கணி அடிவாரத்து முனியாண்டி கோயில் முன்னால் வண்டியை நிறுத்தி, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்து, நின்ற நிலையிலேயே சாமி பார்க்கக் கம்பியை இழுப்போம். பிறகுதான் ஏற்றம். நம் அப்பன்மார் மாட்டுவண்டியின் நுகத்தடியைத் தொட்டுக் கும்பிட்ட இடம் அது. நாம் கியர்க் கம்பியைத் தொட்டுக் கும்பிட்டோம். அதில் தவறென்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

நான்கு வருடத்துக்கு முன், ஐப்பசி மழையில், மேல்தோட்டத்துக்கு ஏலக்காய் பறிக்கப் போகும் ஆறு பெண்களை ஏற்றிக்கொண்டு போனேன். கோயிலில் முறையாகக் கம்பியை இழுத்தேன். மூன்றாவது வளைவில் சேறு. பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. முன்சக்கரம் இழுக்கவில்லை. பிரேக்கை மிதித்தேன், வண்டி நிற்கவில்லை. பின்பக்கமாகப் பள்ளத்தைப் பார்த்து வழுக்கியது. ஏறியிருந்த பெண்களில் வேலுத்தாய் குதித்தாள். வண்டி நின்றது. வேலுத்தாயின் வலது கால் முறிந்தது.

மழைதான் காரணம் என்று ஊருக்குச் சொன்னேன். வேலுத்தாய் பயந்துபோய்க் குதித்தாள், அதனால் கால் போயிற்று என்றும் சொன்னேன். நீங்கள் நம்பினீர்கள். பொறுமையாக உட்கார்ந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதே என்று அவள் முகத்துக்கு நேராகவே சிலர் பேசினீர்கள்.

வண்டியைப் பட்டறைக்கு இழுத்து வந்தபோது ஜக்கையன் அடியில் படுத்துப் பார்த்தார். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அண்ணே, கியரு விழுகல. பல்லோட நுனியில தொத்திக்கிட்டு நின்னுருக்கு. ஏத்தத்துல நழுவிருச்சு."

"சாமி முன்னாடி இழுத்தேன்டா. எப்படி விழுகாமப் போகும்?"

"சாமி மேல எனக்குச் சந்தேகம் இல்லண்ணே. பல்லு மேலதான். நின்ன வண்டியில பல்லுக்கு நேரா பல்லு நின்னா எப்படி உள்ள போகும்? கொஞ்சம் உருண்டாத்தான் கடிக்கும்."

என் வேலையைக் குறை சொல்கிறான் என்று எனக்குக் கோபம். எட்டு மாதம் அவரோடு பேசவில்லை. பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றத் தேனிக்குப் போனேன். சிரிக்காதீர்கள், உண்மையாகவே போனேன்.

அந்த எட்டு மாதமும் அவர் என்ன செய்தார் தெரியுமா? பட்டறையில் கிடந்த ஒரு பழைய ஜீப்பில், கம்பியின் அடியில் ஒரு ஸ்விட்சும், உள்ளே டிரைவருக்கு முன்னால் இருக்கும் பலகையில் ஒரு பல்பும் வைத்தார். கம்பியை இழுத்தால் பல்பு எரிந்தது. முனியாயி கைதட்டினாராம். ஜக்கையனோ வண்டிக்கு அடியில் போய் முன்சக்கரத்துக்கு வரும் தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தார். தண்டு சும்மா சுற்றியது. பல்பு எரிகிறது, கியர் விழவில்லை. எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டார். "இது கையோட சோலியத்தான் சொல்லுது. எனக்குப் பல்லோட சோலியச் சொல்லணும்" என்றாராம்.

பிறகு ஸ்விட்சைக் கியர்ப் பெட்டியிலேயே கொண்டுபோய் வைத்தார். பல்சக்கரத்தை நகர்த்துகிற இரும்புத் தண்டு உள்ளே முழுத் தூரமும் போனால்தான் அதன் முனை ஸ்விட்சின் குமிழை அமுக்கும். அமுக்கினால் மின்சாரம் ஓடும், பல்பு எரியும். பாதி தூரம் போனால் எரியாது. பழைய மண்ணெண்ணெய் சைக்கிள் விளக்கின் பக்கவாட்டில் பச்சைக் கண்ணாடி இருக்குமே, அதைக் கழற்றி பல்புக்கு மேல் பதித்தார். சமதரைக்கு இறங்கிய பிறகும் பச்சை எரிந்தால் கியரை எடுக்க மறந்துவிட்டோம் என்று அர்த்தம். டயர் தேய்வதும் ஸ்டியரிங் வளையம் திருப்ப முடியாமல் கனப்பதும் அதோடு நின்றது. பல்பே செத்துப்போனால் என்ன செய்வது என்று நம் ஜீப்புத் தோழர் உக்கிரபாண்டி கேட்டார். நல்ல கேள்வி என்று சொல்லி, பக்கத்தில் ஒரு பொத்தான் வைத்தார். காலையில் அதை அமுக்கிப் பார்த்தால் பல்பு உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

முதல் விளக்கை யார் வண்டியில் வைத்தார்? என் வண்டியில். நான் கேட்கவில்லை. கோயிலில் பழம் வைக்க நான் இறங்கியிருந்தபோது அங்கேயே காத்திருந்து, "அண்ணே, திட்டுறதுன்னா வேலை முடிஞ்சப்புறம் திட்டுங்க" என்று அடியில் படுத்துவிட்டார். வேலை முடிந்ததும் கம்பியை இழுக்கச் சொன்னார். சாமி பார்க்க இழுத்தேன். விளக்கு எரியவில்லை. "வண்டிய ஒரு முழம் உருட்டுங்க" என்றார். உருட்டினேன். கடக்கென்று ஒரு சத்தம். பச்சை எரிந்தது. எத்தனை வருடம், எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு, விழாத கியரோடு அந்த மலையேறினேன் என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன்.

அப்போது ஜக்கையன் என் காதருகில் ஒன்று சொன்னார். "வேலுத்தா எதுக்குக் குதிச்சுச்சுன்னு எனக்குத் தெரியும்ணே. பின்சக்கரத்துக்கு அணை குடுக்குற கட்டைய நான்தான் சேத்துல இருந்து எடுத்தேன்." ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. நானே சொல்வேன் என்று காத்திருந்தார். அவர் இருக்கும்வரை நான் சொல்லவில்லை. அந்த வெட்கத்தோடுதான் இங்கே நிற்கிறேன்.

தாய்மார்களே, வேலுத்தாய் பயந்து குதிக்கவில்லை. பின்கதவுக்கு வெளியே தொங்கும் அணைக்கட்டையை எடுத்துக்கொண்டு குதித்தாள். சக்கரத்துக்கு அடியில் அதைச் செருகினாள். வண்டி கட்டையில் ஏறி நின்றபோது அவள் கால் இடையில் மாட்டிக்கொண்டது. வண்டியில் இருந்த ஐந்து பேரும் நானும் உயிரோடு இருப்பது அவளால். தார்ப்பாய் மூடியிருந்ததால் மற்றவர்கள் பார்க்கவில்லை. நான் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் அவள் என்னிடம், "விடுங்கண்ணே, நெசத்தைச் சொன்னா உங்க பொழப்புப் போயிரும்" என்றாள். அதைச் சாக்காக வைத்து நான்கு வருடம் வாயை மூடிக்கொண்டேன். வேலுத்தாய், என்னை மன்னித்துவிடு அம்மா.

வீரையா அவர்களே, உங்கள் வண்டியின் சாவி இதோ. மேசைமேல் வைக்கிறேன். உங்கள் முடிவு எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

இனி ஆகவேண்டியதைப் பேசுகிறேன். இந்த மலையில் பதினோரு ஜீப்பு ஓடுகிறது. நான்கில்தான் விளக்கு இருக்கிறது. மீதி ஏழுக்கு யார் செய்வார்கள் என்று நேற்று பட்டறைக்குப் போய்க் கேட்டேன். முனியாயி ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் கவிழ்த்தார். ஏழு ஸ்விட்சு. "ஏழுக்கும் ஸ்பிரிங்கு வளைச்சது நாந்தாண்ணே. ஒயரு எங்க போகணும்னும் எனக்குத் தெரியும். வண்டிக்கு அடியில படுக்க மட்டும் ஒரு ஆளு குடுங்க" என்றார். அந்த ஆள் நான். பட்டறைக் கதவு திங்கட்கிழமை காலை திறக்கிறது. தோழர்களே, வரிசையாக வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வாருங்கள். முனியாயியின் வாயும் லேசுப்பட்டதில்லை.

ஜக்கையன் பெயரால் நம் ஜீப்பு ஓட்டுநர் சங்கம் இன்று ஒரு உறுதி எடுக்கிறது. கோயிலில் பழம் வைப்போம், கும்பிடுவோம். பிறகு ஒரு முழம் உருட்டி, பச்சையைப் பார்த்த பின்புதான் ஏறுவோம். சம்மதம் என்கிறவர்கள் கையைத் தூக்குங்கள். பார்த்தேன், நன்றி.

கடைசியாக ஒன்று. வேலுத்தாய் இந்த நான்கு வருடமாக ஜீப்பில் ஏறவில்லை. அந்தக் காலை இழுத்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் நடந்தே தோட்டத்துக்குப் போகிறாள். வேலுத்தாய், திங்கட்கிழமையிலிருந்து அந்த வண்டியை நான் ஓட்டினாலும் சரி, சாவி வேறு கைக்குப் போனாலும் சரி, முன்சீட்டு உன்னுடையது. விளக்குக்கு நேர் எதிரே நீ உட்கார். "எரியுது, எடுங்க" என்று நீ சொன்ன பிறகுதான் அந்த வண்டி மலையேறும்.