கோல் விழுந்தாலும் வாய் திறக்காதே

ரோஸ்விதா: …அதான் சொல்றேன்ல, மூச்சைக் கூட மெதுவா விடு. வாயால வேணாம், மூக்கால விடு.

புதியவர்: நீங்க மட்டும் பேசிட்டே இருக்கீங்களே?

ரோஸ்விதா: நான் கிசுகிசுக்கிறேன். அது கணக்குல வராது. அப்புறம், இந்த 'நீங்க'ல்லாம் வேணாம். இந்த வடக்கு கேலரில ஏறிட்டா எல்லாருக்கும் எல்லாரும் 'நீ'தான். ஒரு தடவை ஜட்ஜ் ஒருத்தர் வந்தார். அவரையே 'தள்ளி நில்லுடா தடியா'ன்னாங்க.

புதியவர்: சரிங்க.

ரோஸ்விதா: மறுபடியும் பாரு.

புதியவர்: சரி… சரி.

ரோஸ்விதா: நான் ரோஸ்விதா. பஸ் ஓட்டறேன். உன் பேரு?

புதியவர்: பே… பேர்ன்ட்.

ரோஸ்விதா: சொந்தப் பேருக்கு இவ்வளவு யோசனையா?

புதியவர்: தொண்டை கட்டிருக்கு.

ரோஸ்விதா: என்ன தொழில்?

புதியவர்: பல் டாக்டர். இந்த ஊர் ஹோல்டர்பெக்ல இல்ல, பக்கத்து ஊர்ல.

ரோஸ்விதா: அட, நல்லதாப் போச்சு! இந்தக் கடவாப்பல் ஒரு வாரமா உயிரை வாங்குது. கொஞ்சம் பாரேன்… ஆ…

புதியவர்: இப்பவா?

ரோஸ்விதா: ஆஆ…

புதியவர்: ம்… நல்லா… நல்லா தேய்க்கணும்.

ரோஸ்விதா: இதைச் சொல்லத்தான் அத்தனை வருஷம் படிச்சியா?

டெட்லெஃப்: ஷ்ஷ்ஷ்! பின்னாடி யாரது?

ரோஸ்விதா: நான்தான் டெட்லெஃப். பக்கத்துல ஒரு புது ஆளு. கேலரிக்கே முதல் தடவையா வந்திருக்கான். விவரம் சொல்லிட்டிருக்கேன்.

டெட்லெஃப்: ஸ்டேடியமே வாயைப் பொத்திட்டு நிக்குது, உனக்கு இப்பதான் விவரமா? எதிர் டீம் ஆளுங்க கூட நமக்காக அந்த மூலைல கம்முனு நிக்கிறாங்க. நீ சொந்த ஊர்க்காரி!

ரோஸ்விதா: சரி சரி, திரும்பு. ஆட்டத்தைப் பாரு.

புதியவர்: கோவக்காரரோ?

ரோஸ்விதா: டெட்லெஃபா? தங்கமான மனுஷன். வாயை மூடச் சொன்னா மட்டும் ஆகாது. அதான் மத்தவங்க மேல பாயறான்.

புதியவர்: இங்க உக்கார இடம்…?

ரோஸ்விதா: உக்காரவா? மயக்கம் போட்டு விழுந்தா உக்காரலாம்.

புதியவர்: இல்ல, சும்மா கேட்டேன்.

ரோஸ்விதா: இந்த வெயில்ல கண்ணு வரைக்கும் குல்லா எதுக்கு?

புதியவர்: காது குளிருது.

ரோஸ்விதா: ம். இந்தா, பாதி சாசேஜ் ரொட்டி. கடுகு சாஸ் நிறைய வெச்சிருக்கேன்.

புதியவர்: ரொம்ப நன்றி. முள்கரண்டி…?

ரோஸ்விதா: என்னது?

புதியவர்: ஒண்ணுமில்ல. கையாலயே சாப்பிடறேன்.

ரோஸ்விதா: முள்கரண்டியா! டெட்லெஃப், முள்கரண்டி கேக்கறான்!

டெட்லெஃப்: ஷ்ஷ்… முள்கரண்டியா?

புதியவர்: எத்தனை நேரம் இப்படி நிக்கணும்?

ரோஸ்விதா: பன்னிரண்டு நிமிஷம். களத்துல பதினோரு பேர், பன்னிரண்டாவது ஆள் எங்க ரசிகர்தான்னு மைக் கிடைச்சா போதும், கிளப் தலைவருங்க சொல்லிருவாங்க. அந்த ஆளு இல்லாம ஆட்டம் எப்படி இருக்கும்னு இன்னிக்குக் கேட்டுப் பாக்கட்டும்.

புதியவர்: பந்தை உதைக்கிற சத்தம் கூட கேக்குது.

ரோஸ்விதா: கோல்கீப்பர் கெட்ட வார்த்தை சொல்றது கேக்குதா? அது எங்களுக்கே இன்னிக்குத்தான் தெரியும். டிவில பாக்கறவன் சவுண்டு போயிடுச்சுன்னு செட்டைத் தட்டிட்டிருப்பான்.

புதியவர்: எல்லாம் அந்த அஞ்சு பெரிய கிளப்பாலதானே?

ரோஸ்விதா: வேற யாரால? இன்னிக்கு வரைக்கும் லீக்ல கிளப்புக்கு ஒரு ஓட்டு. பணக்காரனுக்கும் ஒண்ணு, நமக்கும் ஒண்ணு. இப்ப அந்த அஞ்சு கிளப்பும் வந்து, எங்க ஓட்டு கனமான ஓட்டு, உங்க ஓட்டு லேசான ஓட்டுன்றாங்க. டிவி காசு யாருக்கு எவ்வளவு, எந்தக் கிழமை ஆட்டம், யாரு கீழ் டிவிஷனுக்கு இறங்கணும்… எல்லாம் இனிமே அவங்க வெச்சதுதான் சட்டம். அவங்க மட்டும் இறங்கவே மாட்டாங்களாம். எப்படித் தோத்தாலும்!

புதியவர்: அப்ப நாம?

ரோஸ்விதா: அவங்களுக்குத் தோத்துப் போறதுக்கு ஆள் வேணாமா? அதுக்கு நாம.

புதியவர்: கொஞ்சம் அதிகமா சொல்ற மாதிரி இருக்கு. சின்ன கிளப்புக்கும் பணம் தர்றோம்னு சொல்லிருக்காங்களே.

ரோஸ்விதா: பல் டாக்டருக்கு நிறைய விஷயம் தெரியுதே.

புதியவர்: பேப்பர்ல… பேப்பர்ல படிச்சேன்.

ரோஸ்விதா: இந்தா, இதை பாக்கெட்ல போட்டுக்கோ.

புதியவர்: டென்னிஸ் பந்தா?

ரோஸ்விதா: மௌனம் முடிஞ்சதும் வீசணும். புல்லுல உருண்டு போகட்டும், ஆள் மேல படக்கூடாது. ஆட்டம் நிக்கும். பந்து பொறுக்கி முடிக்கற வரைக்கும் டிவிக்காரன் கையைப் பிசைஞ்சிட்டு நிப்பான்.

புதியவர்: ஐயையோ! இதுக்கு அபராதம் கிளப்புக்குத்தானே வரும்? போன தடவையே அவ்வளவு…

ரோஸ்விதா: உனக்கென்ன வந்துச்சு? பல்லு புடுங்கறவன்தானே நீ?

புதியவர்: ஆமா… எனக்கென்ன.

ரோஸ்விதா: வர்றதெல்லாம் தீல்மான் தலைல விழட்டும். நல்லா விழட்டும்.

புதியவர்: தீல்மான்…?

ரோஸ்விதா: எங்க கிளப் தலைவன். டைல்ஸ் கடைக்காரன். என் பாத்ரூமுக்கு அவன் கடைலதான் வாங்கிப் போட்டேன். வழுக்கி வழுக்கி இடுப்பே போச்சு.

புதியவர்: தண்ணியைத் துடைக்காம விட்டா எந்த டைல்ஸும் வழுக்கும்!

ரோஸ்விதா: எதுக்கு இவ்வளவு கோவம்?

புதியவர்: இல்ல… பொதுவா சொன்னேன்.

டெட்லெஃப்: ஷ்ஷ்ஷ்! ஏழாம் நம்பர் பந்தோட போறான்… போறான் பாரு…

ரோஸ்விதா: ஐயோ, கூட ஆளே இல்ல… போ கண்ணா… போ…

டெட்லெஃப்: உதை… உதைடா…

புதியவர்: கோ…ஓ…ஓல்!

ரோஸ்விதா: வாயை மூடு! இந்தா, ரொட்டியைக் கடி! கடி!

புதியவர்: ம்ம்… ம்ம்ம்ம்…

ரோஸ்விதா: மொத்த ஸ்டேடியத்துல நீ ஒருத்தன்தான்யா கத்தின!

புதியவர்: கோலாச்சே! முப்பது மீட்டர் தள்ளி இருந்து! இடது காலால!

ரோஸ்விதா: எனக்கும் கண்ணு இருக்கு. நெஞ்சு வெடிச்சிரும் போல இருக்கு. நான் கத்தினேனா? உதட்டைக் கடிச்சிட்டு நிக்கல?

டெட்லெஃப்: எனக்கு அழுகை அழுகையா வருது.

ரோஸ்விதா: பாவம் அந்தப் பையன். கையை விரிச்சுக்கிட்டு நம்ம முன்னாடியே ஓடி வந்து நிக்கிறான். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலியேன்னு முழிக்கிறான் பாரு.

புதியவர்: கைதட்டலாமா?

ரோஸ்விதா: கையை பாக்கெட்ல விடு. கண்ணால சிரி. அவனுக்குப் புரியும்.

புதியவர்: இது கொடுமைங்க.

ரோஸ்விதா: கொடுமைதான். அந்த அஞ்சு பேரும் ஜெயிச்சிட்டா வாரா வாரம் இப்படித்தான் இருக்கும். அப்ப கத்தக் கூடாதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. கத்தறதுக்கு மனசு வராது.

புதியவர்: க்ஹூம்… க்ஹூம்…

ரோஸ்விதா: என்ன, ரொட்டி தொண்டைல மாட்டிக்கிச்சா?

புதியவர்: இல்ல. சொல்லு.

ரோஸ்விதா: திங்கக்கிழமை ஃப்ராங்க்ஃபர்ட்ல ஓட்டெடுப்பு. இன்னும் ஒரே ஒரு ஓட்டு விழுந்தா அவங்களுக்குப் போதும். மத்த கிளப்பெல்லாம் ஆமாவோ இல்லையோ, சொல்லிட்டாங்க. பிடி கொடுக்காம நிக்கிறது நம்ம தீல்மான் ஒருத்தன்தான்.

புதியவர்: அவரும் மௌனப் போராட்டம் பண்றாரோ என்னவோ.

ரோஸ்விதா: சிரிக்க வெக்காத, சத்தம் வந்திரும்!

புதியவர்: அவர் நிலைமையையும் கொஞ்சம் பாரு ரோஸ்விதா. இந்தக் கூரை ஒழுகுது. மழை வந்தா நனையறது யாரு? நீங்கதான். அந்த அஞ்சு பேரும் புதுக் கூரைக்குப் பணம் தர்றோம்ங்கும்போது ஒரு தலைவன் என்னதான் பண்ணுவான்?

ரோஸ்விதா: நனைஞ்சா காஞ்சிட்டுப் போறோம். அவன்கிட்ட நாங்க கூரை கேட்டோமா?

புதியவர்: கேக்கலேன்னாலும் கிளப்பை நடத்தறவர் அவர்தானே.

ரோஸ்விதா: நடத்தறவன்தான். சொந்தக்காரன் இல்ல. சந்தா கட்டற அத்தனை பேருக்கும் சொந்தம் இந்த கிளப். அந்த ஆளைத் தலைவனாக்கினதே நாங்க கையைத் தூக்கித்தான். இதோ, இந்தக் கைதான்.

புதியவர்: நீ அவருக்கா போட்ட?

ரோஸ்விதா: போட்டேனே! நல்ல மனுஷன்னு நம்பினேன். பாத்ரூம்ல வழுக்கி விழுந்ததுக்கு அப்புறம் கூட அவனைத் திட்டல.

புதியவர்: இப்ப திட்டினியே!

ரோஸ்விதா: அது இன்னிக்கு. ஏன்யா, அந்தத் திங்கக்கிழமை ஓட்டு வெளிய தெரியுமா?

புதியவர்: தெரியாது. ரகசிய ஓட்டு. மூடின சீட்டு.

ரோஸ்விதா: அப்ப அங்க ஆமான்னு போட்டுட்டு, இங்க வந்து இல்லைன்னு போட்டேன்னு சொல்லிக்கலாம்.

புதியவர்: …சொல்லிக்கலாம்.

ரோஸ்விதா: சொல்லுவானா?

புதியவர்: ரசிகர் மன்றத்து ஆளுங்க போய்க் கேட்டப்ப 'என்னை நம்புங்க'ன்னார்ல. இல்லைன்னுதான் போடப்போறார்னு அவங்களா நினைச்சுக்கிட்டாங்க.

ரோஸ்விதா: அந்த அஞ்சு பேரும் கேட்டிருப்பாங்களே. அவங்களுக்கு என்ன பதில்?

புதியவர்: அவங்ககிட்டயும் அதையேதான் சொன்னேன்.

ரோஸ்விதா: சொன்னேனா?

புதியவர்: சொன்னார்! சொன்னார்னு சொன்னேன். 'என்னை நம்புங்க'ன்னார். ஆமான்னு போடப்போறார்னு அவங்களும் நினைச்சுக்கிட்டாங்க.

டெட்லெஃப்: எங்க வெச்சு சொன்னாராம்? சாப்பாட்டு மேஜைலயா?

புதியவர்: ஆமா, பெரிய ஹோட்டல்ல. கன்னுக்குட்டிக் கறி. அதைச் சாப்பிடறதுக்குள்ள ரெண்டு தடவை தோள்ல தட்டிட்டாங்க.

டெட்லெஃப்: ருசியா இருந்துச்சாமா?

புதியவர்: உள்ளயே இறங்கல.

ரோஸ்விதா: இதெல்லாமும் பேப்பர்ல போட்டிருந்தானா பேர்ன்ட்?

புதியவர்: எனக்கு அவரைக் கொஞ்சம் பழக்கம். பல்லு காட்ட வருவார்.

ரோஸ்விதா: ஓஹோ. ரெண்டு பக்கமும் பல்லைக் காட்டறவனுக்குப் பல்லு வலிக்கத்தான் செய்யும்.

புதியவர்: சிரிக்காத. அந்த மனுஷனுக்குத் தூக்கம் போச்சு. மேல கண்ணாடி ரூம் பாத்திருக்கியா? தலைவருங்க, விருந்தாளிங்க உக்கார்ற இடம்?

ரோஸ்விதா: கீழருந்து பாத்திருக்கேன்.

புதியவர்: அங்க எப்பவுமே சத்தம் கேக்காது. நீங்க தொண்டை கிழியப் பாடினாலும் மீன் தொட்டியைப் பாக்கற மாதிரிதான் இருக்கும். இன்னிக்கு மௌனப் போராட்டம்னாங்க. அங்க உக்காந்தா என்ன வித்தியாசம் தெரியும்? அதான் இறங்கி வந்…

ரோஸ்விதா: வந்து?

புதியவர்: …வந்திருக்கணும் அவர். இங்க வந்து நின்னிருக்கணும்.

ரோஸ்விதா: நின்னிருந்தா?

புதியவர்: கோல் விழுந்தும் அந்தப் பையன் தனியா நின்னானே… அதைப் பாத்திருப்பார். தாங்கிருக்க மாட்டார்.

ரோஸ்விதா: உன்னால தாங்க முடியுதா?

புதியவர்: முடியல.

ரோஸ்விதா: சரி, அவரைத் தெரிஞ்சவன்தானே நீ. திங்கக்கிழமை என்னதான் பண்ணுவார்?

புதியவர்: உனக்கு மட்டும் சொல்றேன். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது.

ரோஸ்விதா: என் வாயால ஒரு வார்த்தை வெளிய போகாது. சத்தியமா.

புதியவர்: ரயில் டிக்கெட் எடுத்தாச்சு, பெட்டி கட்டியாச்சு. முடிவு மட்டும் எடுக்கல. கூரையை நினைச்சா கை அந்தப் பக்கம் போகுது. உங்களை நினைச்சா… தப்பு பண்ணிட்டேன் ரோஸ்விதா. ரெண்டு பேரையும் நம்ப வெச்சிருக்கக் கூடாது. பயந்துட்டேன், அவ்வளவுதான். நீ என்ன சொல்ற?

ரோஸ்விதா: நான் என்ன சொல்ல? நீதான் நல்லாப் பேசிட்டிருக்க.

புதியவர்: இந்தப் பன்னிரண்டு நிமிஷம் என்ன, முடியவே மாட்டேங்குது?

டெட்லெஃப்: அது முடிஞ்சு எவ்வளவோ நேரம் ஆச்சு.

புதியவர்: முடிஞ்சுதா? அப்புறம் ஏன் இன்னும் ஒருத்தர் கூட வாயைத் திறக்கல?

ரோஸ்விதா: நீ பேசறது கடைசி வரிசை வரைக்கும் கேக்கணுமேன்னுதான், தலைவரே. இதையும் கொஞ்சம் சத்தமா சொல்லிரு… திங்கக்கிழமை ஆமாவா, இல்லையா?