ஆஃப்கேயின் உள்ளங்கை

காபியோடு ஒரே ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டு டப்பாவை மூடிவிட்டேன் என்று தப்பாக நினைக்காதீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. டெவென்டரில் எல்லா டச்சு வீட்டிலும் அப்படித்தான். ஜன்னலுக்குத் திரைகூடப் போடமாட்டோம், மறைக்க ஒன்றுமில்லாதவர்கள். என் ஜன்னல் விளிம்பில் இருக்கும் நாற்பத்தாறு கள்ளிகளையும் சைக்கிளில் போகிற யாரும் பார்த்துக்கொள்ளலாம்.

தொட்டால் குத்தாத கள்ளிகளை மட்டும் சேர்ப்பது எங்கள் சங்கம். மற்ற கள்ளிச் சங்கத்துக்காரர்கள் முரடர்கள். விரலில் பிளாஸ்திரியோடு திரிவதில் அவர்களுக்கு ஒரு பெருமை. எனக்கு அந்த முரட்டுத்தனம் பிடிக்காது. ஆளுக்கொரு கையால் தொட்டு ஆளுக்கொன்று சொன்னால் குழப்பம் என்பதால், தலைவனான நான் ஒரு விதி எழுதினேன். எல்லாக் கள்ளியையும் ஒரே உள்ளங்கைதான் சோதிக்க வேண்டும், பத்து எண்ணும்வரை அழுத்தி. கள்ளி வைத்திருப்பவர்கள் தொடக்கூடாது, பாரபட்சம் வந்துவிடும். என் மனைவி ஆஃப்கேக்குச் சொந்தமாக ஒரு கள்ளிகூட இல்லை. அவள் கையை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தோம்.

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, மதியம் கூடுவோம். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கள்ளிமேல் வைத்து, உரக்க எண்ணுவேன். எங்கள் செயலாளர் வீபே, பழைய படகோட்டி, வாய் சும்மா இருக்காது.

"யோவ் தலைவரே, உன் கைய எங்கயாவது அடகு வச்சிருக்கியா? ஒரு தடவ நீதான் தொட்டுப் பாரேன்!"

நான் விதியைக் காட்டுவேன்.

என் ஆசையெல்லாம் முயல்காதுக் கள்ளிமேல். சப்பாத்திக்கள்ளிக்கு உறவு. நீண்ட முள் கிடையாது, உடம்பெல்லாம் வெல்வெட் பொட்டு வைத்ததுபோல் இருக்கும். முதல் வருடமே கொண்டுவந்தேன். மூன்று எண்ணுவதற்குள் ஆஃப்கே கையை உதறினாள்.

"ஐயோ, எரியுது! ரூலோஃப், இந்தச் சனியனத் தூக்கி வெளிய போடு!"

ஒவ்வொரு பொட்டும் நூற்றுக்கணக்கான மயிர்முள். ஒரு வாரம் உட்கார்ந்து பிடுங்கினாள். கள்ளியைக் கொல்லைக் கண்ணாடி அறைக்கு அனுப்பினேன். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

நான்கு வருடத்துக்கு முன், ஒரு மார்ச் மாதம், பட்டாணி சூப் கொதிக்கும் சட்டியை வெறுங்கையால் இறக்கினாள். தோல் வெந்துவிட்டது. அவளோ கரண்டி தேடிக்கொண்டிருந்தாள்.

"சுடலையா?" என்றேன்.

"என்னது?" என்றாள்.

அவளுக்கு வெகுநாளாக இருந்த சர்க்கரை நோய் அந்தக் கையின் உணர்ச்சியைத் தின்றுவிட்டது என்று புரிந்தது. மருந்து தடவி நானே கட்டுப் போட்டேன். புண் ஆறியபின் வந்த முதல் செவ்வாய்க்கிழமை, முயல்காதை மேசைக்குக் கொண்டுவந்தேன்.

பத்தும் எண்ணி முடித்தேன். "பஞ்சு மாதிரி இருக்கு," என்றாள். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதன்பின் பதினொன்றாக இருந்த பட்டியல் மளமளவென்று வளர்ந்தது. கொக்கிமுள் உள்ளதுகூட அவள் கையில் பஞ்சுதான்.

கூட்டம் முடிந்ததும் அவள் கையை விளக்கடியில் வைத்து இடுக்கியால் சுத்தம் செய்வேன். அதில் குறை சொல்ல முடியாது. சில உள்ளேயே தங்கிச் சீழ் பிடித்தன. போன வருடம் இரண்டு விரல்களை எடுத்தார்கள். சர்க்கரையால் வந்தது என்று நினைத்து வீபே, "பாவம்பா, வேற கை பாப்போம்," என்றான். விதியில் உள்ளங்கை என்றுதான் இருக்கிறது, விரல் என்று இல்லை. அதையும் காட்டினேன்.

நீங்கள் வந்திருப்பது எங்கள் சங்கத்தின் மே மாதக் கண்காட்சிக்காக என்று தெரியும். 'தயங்காமல் தொடுங்கள்' என்று பலகை வைத்தது நான்தான். இருபத்து மூன்று பேர் தொட்டார்கள். வீபே முயல்காதைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்தான், கண்வரைக்கும். என்னை நம்பியவன். அந்தக் கள்ளி குத்தும் என்பது எனக்குத் தெரியும். ஆஃப்கேயின் கை உணராது என்பதும் தெரியும். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவளைக் கட்டாயப்படுத்தினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். நேற்று ஆஸ்பத்திரியில் அவளே சொன்னாள். வலது கையை மணிக்கட்டோடு எடுத்திருந்தார்கள்.

"கை செத்துப்போனது உனக்கு முன்னாடியே எனக்குத் தெரியும், ரூலோஃப். பத்து எண்ணி முடிக்கிறவரைக்கும் புடிச்சுக்கிட்டு இருப்பியே, அதுக்காகத்தான் சும்மா இருந்தேன். வேற எப்ப என் கையப் புடிச்ச, சொல்லு?"

சம்மதம்தானே அது? ஆறுதலாக அவள் இடது கையைப் பிடித்தேன். கட்டைவிரல் நகத்தால் லேசாகக் கிள்ளியும் பார்த்தேன். அவள் முகம் மாறவில்லை. அடுத்த செவ்வாய்க்குக் கவலையில்லை.

அலமாரியில் இருக்கும் தோல் கையுறை என்னுடையதுதான். தொட்டி மாற்றும்போது போட்டுக்கொள்வேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு வலி தாங்காது. சங்கம் தொடங்கிய இந்தப் பதினெட்டு வருடத்தில் என் கையில் ஒரு முள்கூடக் குத்தியதில்லை, அம்மா. நான் சேர்த்தவை மென்மையானவை என்பதற்கு இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்?