ஒரே எண்ணோடு வந்த இரண்டு லேண்ட் ரோவர்கள்

என் பெயர் தில்குமார் ராய். வயது நாற்பத்தொன்பது. தகப்பனார் காலஞ்சென்ற மன்தோஜ் ராய். மானேபஞ்சாங் கடைத்தெருவில், என் அக்கா புத்திமாயாவின் டீக்கடைக்குப் பின்னால் உள்ள வீட்டில் மனைவியுடன் வசிக்கிறேன். தொழில், கூலிக்கு அடுத்தவர் வண்டி ஓட்டுவது. வண்டி வேலையும் தெரியும். என் அண்ணன் ஜித்மான் ராய் என்மேல் கொடுத்த புகாரை எனக்குப் படித்துக் காட்டினார்கள். அதன்பேரில் நான் சொல்வது பின்வருமாறு.

எங்கள் அப்பா மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்பூ உச்சிக்குப் பயணிகளை ஏற்றிப்போகும் லேண்ட் ரோவர் வைத்திருந்தார். தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன வண்டி. பெட்ரோல் எஞ்சின், அலுமினிய உடம்பு, அடியில் இரும்புச் சட்டம். எங்கள் சங்கத்தில் வண்டிகள் முறை வைத்து மேலே போகும். அதற்கு லைன் என்று பெயர். லைனில் அப்பாவின் வண்டிக்குப் பதினேழாம் இடம். இடம் வண்டியின் எண்ணுக்கு உரியது, ஆளுக்கு அல்ல. புது இடம் இப்போது யாருக்கும் கொடுப்பதில்லை.

அப்பா இறந்த பிறகு ஊர்ப் பெரியவர்கள் சொத்தைப் பிரித்தார்கள். வீடும் ஏலக்காய்க் காடும் தகராறில்லாமல் முடிந்தன. வண்டியை விட்டுக்கொடுக்க அண்ணனுக்கும் மனமில்லை, எனக்கும் மனமில்லை. அண்ணன் எழுந்து, "இத என்ன செய்யப் போறீங்க? பூசணிக்கா மாதிரி நடுவுல பொளப்பீங்களா?" என்றார். நான், "பொளக்கட்டும். எனக்குப் பாதி வந்தாப் போதும்" என்றேன். அவர் கேலியாகச் சொன்னார், நான் கோபத்தில் சொன்னேன். பெரியவர்கள் அதையே தீர்ப்பாக்கிவிட்டார்கள். வண்டி வேலை தெரிந்தவன் என்பதால் எஞ்சினும் கியர்பெட்டியும் எனக்கு வந்தன. சட்டம், உடம்பு, சக்கரங்கள், எண் பலகை எல்லாம் அண்ணனுக்குப் போயின. ஆர்.சி. புத்தகம் இன்றுவரை அப்பா பெயரில்தான் இருக்கிறது. அதில் எஞ்சின் எண்ணும் உண்டு, சட்டத்தின் எண்ணும் உண்டு.

அதன் பிறகு முற்றத்தில் மூன்று மூங்கிலை நிறுத்திக் கப்பி போட்டு எஞ்சினைத் தூக்கினோம். பாரம் இறங்கியதும் வண்டியின் மூக்கு மேலே எழும்பியது. அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். முன்னால் சொருகிச் சுற்றி எஞ்சினைக் கிளப்பும் இரும்புக் கைப்பிடி யார் பங்கிலும் சேரவில்லை. அதை அக்கா எடுத்துக்கொண்டாள். "இது எங்கிட்ட இருக்கட்டும். நீங்க போற போக்கப் பாத்தா ரெண்டு பேர்ல ஒருத்தன் மண்டையில போட வேண்டி வரும்" என்றாள்.

அதன் பிறகு அண்ணன், பள்ளத்தில் விழுந்த ஒரு ஜீப்பின் டீசல் எஞ்சினை வாங்கித் தன் சட்டத்தில் பொருத்தி, பதினேழாம் இடத்தில் ஓட்டினார். அந்த எஞ்சின் அந்தச் சட்டத்துக்குக் கனம் அதிகம் என்றும், இடது பக்கம் எஞ்சினைத் தாங்கும் இரும்பு துருப்பிடித்து இற்றிருக்கிறது என்றும் நான் லைன் பார்க்கும் தாவா ஷெர்பாவிடம் சொன்னேன். அது அண்ணன் காதுக்குப் போய்ப் பதிலும் வந்தது. "எஞ்சினத் தூக்கிட்டுப் போனவன் எனக்குக் கனத்தப் பத்திச் சொல்றானா?" என்று கேட்டாராம்.

அதன் பிறகு நான் மிரிக் சாலையில் ஒரு தோட்டத்துக் கொட்டகையில் கிடந்த இன்னொரு லேண்ட் ரோவரின் சட்டத்தைக் கேட்டு வாங்கினேன். அதன்மேல் கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்ததால், குஞ்சு பொரிக்கும் வரை காத்திருக்கும்படி தோட்டத்துக்காரர் சொன்னார், காத்திருந்தேன். வெளிவேலை இல்லாத பனிக்காலங்களில் எஞ்சினைப் பிரித்துக் கழுவி, வால்வுகளைத் தேய்த்து உட்காரவைத்து, கிடைத்த அலுமினியத் தகடுகளைத் தட்டி நிமிர்த்தி உடம்பு கட்டினேன். பச்சை பெயிண்ட் பாதியில் தீர்ந்து, அடுத்து வாங்கியது வேறு பச்சையாக இருந்தது. அப்படியே அடித்தேன்.

வண்டி முதல் தடவை கிளம்பியபோது அக்காவை ஏற்றிக்கொண்டு சித்ரே வரை ஏறினேன். மூடுபனி. இரண்டாவது கியரில் எஞ்சின் இழுக்கும் சத்தத்தைக் கேட்டு அக்கா, "அப்பா இருமுற மாதிரியே இருக்குடா" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "இளிக்காம ஓட்டு. எதிர்ல வர்றவன் உன் பல்லப் பாத்து ஒதுங்குறான்" என்றாள். அப்பா போன பிறகு நான் சந்தோஷமாக வண்டி ஓட்டியது அன்றுதான்.

அதன் பிறகு லைனில் இடம் கேட்டுத் தாவாவிடம் போனேன். அவர், "உன் எஞ்சின் நம்பர் பதினேழோட ஆர்.சி.யில இருக்கு. சட்டத்து நம்பர் உங்கண்ணன் வண்டியில இருக்கு. ஆர்.சி.ப்படி நீங்க ரெண்டு பேரும் சேந்து ஒரு வண்டிப்பா. இதுல நான் என்ன செய்ய?" என்றார். நான் வீட்டுக்கு வந்து ஒரு தகடு வெட்டி, அதில் அப்பா வண்டியின் எண்ணை எழுதினேன். இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அக்காவுக்குத் தெரியாது.

முந்தாநாள், தீபாவளியை ஒட்டிச் சகோதரர்களுக்கு அக்கா தங்கை திலகமிடும் நாள். மூன்று வருடமாக எங்களுக்கு அது தனித்தனியாகத்தான் நடக்கிறது. காலையில் அண்ணனுக்கு, மத்தியானம் எனக்கு. அக்கா சடங்குப்படி வாசற்படியில் அக்ரூட் கொட்டையை வைத்து அந்த இரும்புக் கைப்பிடியால் உடைத்தாள். "ஒரே பாயில உக்காந்திருந்தா ஒரு கொட்டையோட முடிச்சிருப்பேன்" என்றாள். எனக்கு வாடாமல்லி மாலை போட்டாள். அதை நான் கழற்றி என் வண்டியின் மூக்கில் கட்டினேன்.

நேற்றுக் காலை குளிரில் பேட்டரி செத்துப் போயிருந்தது. கைப்பிடி கேட்டு அக்காவிடம் போனேன். "எங்க போற?" என்றாள். "லைனுக்கு" என்றேன். அவள் கைப்பிடியை மேசைமேல் வைத்துவிட்டு, "நான் குடுக்கல. வெச்சிருக்கேன். எடுத்தா நீ எடுத்ததுதான்" என்றாள். நான் எடுத்தேன்.

நான் எழுதிய தகட்டை வண்டியில் மாட்டி லைனுக்குப் போனபோது அண்ணன் வண்டி அங்கே நின்றது. இரண்டு வண்டியிலும் ஒரே எண், ஒரே மாதிரி வாடாமல்லி மாலை. நின்றிருந்த ஓட்டுநர்கள் சிரித்தார்கள். ஒருவர், "பெரியவரு மன்தோஜ் ரெட்டைப் பிறவியா வந்திட்டாரு டோய்!" என்று கத்தினார். அண்ணன் வந்து என் எண் பலகையைப் பிடித்து இழுத்தார். நான் அவரைத் தள்ளினேன். அவர் கீழே விழுந்து உள்ளங்கையில் சிராய்த்தது. அதற்குமேல் நான் அவரை அடிக்கவில்லை. தாவா போன் செய்து காவலர் ஒருவர் வந்தார். அண்ணன் புகார் சொன்னார். இரண்டு வண்டிகளையும் சுகியா ஸ்டேஷனுக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டுக் காவலர் அண்ணன் வண்டியில் ஏறிக்கொண்டார். நான் பின்னால் வந்தேன். ஒரே எண்ணில் இரண்டு வண்டி என்றால் அந்த எண்ணையே பதிவிலிருந்து அடித்துவிடுவார்கள், பதினேழு யாருக்கும் இல்லாமல் போகும் என்று கிளம்பும்போதே தாவா எங்கள் இருவரிடமும் சொன்னார்.

ஏற்றத்தில், ஊசியிலைத் தூப்பி மரங்கள் உள்ள வளைவில், முன்னால் போன அண்ணன் வண்டியிலிருந்து இரும்பு முறியும் சத்தம் கேட்டது. வண்டி நின்றது. நான் இறங்கிப் பார்த்தேன். இடது பக்கம் எஞ்சினைத் தாங்கும் இரும்பு ஒடிந்து, டீசல் எஞ்சின் சாய்ந்து, விசிறி ரேடியேட்டருக்குள் பாய்ந்திருந்தது. காவலர் என்னிடம், "நீ பாட்டுக்குப் போய் ஸ்டேஷன்ல நில்லு" என்றார். போயிருந்தால் ஓடுகிற பதினேழு என்னுடையது ஒன்றுதான் என்று ஆகியிருக்கும். நான் போகவில்லை.

அண்ணன் அந்த ஒடிந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். இந்த வகை வண்டியில் சட்டத்தின் எண்ணை அந்தத் துண்டில்தான் பொறித்திருப்பார்கள். அவர் என்னைப் பார்த்து, "சொல்லேன். சொல்லணும்னுதானே நிக்கிற?" என்றார். நான், "கயிறு இருக்கா?" என்று கேட்டேன். "சீட்டுக்கு அடியில" என்றார்.

கயிற்றைக் கட்டியபின் அண்ணன் அந்தத் துண்டை என்னிடம் நீட்டி, "என் பாக்கெட் ஓட்டை. நீ வெச்சுக்க. தொலைச்சிராத" என்றார். காவலர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அதன் பிறகு சின்ன கியரில் அண்ணன் வண்டியை ஸ்டேஷன் வரை இழுத்துவந்தேன். கயிறு ஒரு தடவைகூடத் தொய்ந்து வெட்டி இழுக்கவில்லை. பின்வண்டியில் கைதேர்ந்தவர் உட்கார்ந்தால்தான் அப்படி வரும். வழியெல்லாம் என் இடது பக்கம் பள்ளம். ஆர்.சி.யில் உள்ள இரண்டு எண்களும் அந்நேரம் என் வண்டியில்தான் இருந்தன.

ஸ்டேஷனுக்கு வந்ததும் சட்டைப்பையில் என்ன என்று இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டார். நான் அந்தத் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

எண் பலகை எழுதியது என் தப்பு. அதற்கான தண்டனையை என்மேல் போடலாம். அந்த எண்ணை மட்டும் அடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது அண்ணன் வண்டியிலேயே இருக்கட்டும். அவரிடம் இப்போது ஓடும் எஞ்சின் இல்லை. என் எஞ்சின் அந்தச் சட்டத்தில் வெட்டாமல் ஒட்டாமல் உட்காரும், தாங்கும் இரும்பை மட்டும் புதிதாகச் செய்ய வேண்டும். அதைப் பற்றி அண்ணன் என்னிடம் கேட்கவில்லை. கேட்டால் மறுக்க மாட்டேன்.

எழுத்தர் இதை முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டினார். இரும்புத் துண்டு என்னிடமிருந்து கைப்பற்றப்பட்டது என்று முதலில் எழுதியிருந்தார். கைப்பற்றவில்லை, அண்ணன் வைத்திருக்கச் சொன்னதை நான் ஒப்படைத்தேன் என்று மாற்றும்படி கேட்டேன். அடித்து மாற்றிவிட்டார். மற்றது எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மை.

(ஒப்பம்) தில்குமார் ராய்