ஓலைக்கு முன்னால ஒரு திமிங்கலம்

நோட்ட எடுத்தீகளா சாமி? எடுத்து மேசையில வைங்க. பேனாவ மூடாதீக. மூணு ஞாயிறு பூசையில வாசிப்பாகல்ல கல்யாண ஓலை, அதுதான், வேற பெரிய விண்ணப்பம் ஒண்ணும் இல்ல. பேரா? பேரு கடைசியில. நீங்களா அவசரப்பட்டு எம்மக டின்சி பேர எழுதிராதீக. அவ பெங்களூர்ல நர்சிங் ரெண்டாம் வருசம் படிக்கா, அவளுக்கு இப்ப என்ன அவசரம்?

இன்னொண்ணு சாமி. இது எம்மவன் ஜோஜோ காதுக்கு இப்பப் போகக்கூடாது. தெரியும், தெரியும், அவன் உங்க பங்குப்பேரவை செயலாளரு, நாளைக்கு நாலு தடவ இங்கிட்டு வருவான். அதான் அவன் மூணாறுல போன் கடையத் தொறந்து உக்காந்த நேரமாப் பாத்து வந்திருக்கேன்.

சிரிக்கேனா? ஆமா, மூணு மாசமா இப்படித்தான் சிரிக்கேன். தேயிலைக் கொளுந்து எடுக்கயில தன்னால சிரிக்கேன்னு பக்கத்து நெரை மூக்கம்மா மந்திரிக்கக் கூட்டிட்டுப் போறேன்னுட்டா. நீங்க இந்தப் பங்குக்கு வந்தது நோம்புக்காலத்துல, அதனால உங்களுக்கு நாங்க வெளிநாடு போன கதை தெரியாது. தெரியாம ஓலை எழுத முடியாது சாமி. காப்பி ஆறட்டும், நீங்க கேளுங்க.

சனவரியில போனோம். நான், ஜோஜோ, மருமக லிஜி, பேத்தி நிமி, நாலு பேரு. கடை போட்டு பத்து வருசம் ஆச்சு, அம்மாவ ப்ளைட்டுல ஏத்தணும்னு ஜோஜோவுக்கு ஆச. சிங்கப்பூரு, மலேசியான்னு ஏகப்பட்டது சொன்னான். கடைசியில எங்க போனோம்ங்கிறீக? சிலோனு! அதுலயும் எங்க? நுவரெலியா! முப்பத்திநாலு வருசமா தேயிலைக்குள்ள நிக்கிற பொம்பளைய ப்ளைட்டுல ஏத்திக் கொண்டுபோயி தேயிலைக்குள்ள எறக்கிவிட்டான் சாமி. ஏலே, இதுக்கு என்னைய நம்ம மாட்டுப்பட்டி எஸ்டேட்டுலயே விட்டுட்டுப் போயிருக்கலாமேன்னேன். வேன் டிரைவரு சிரிச்சிட்டாரு. தமிழ் ஆளு. இன்னாசிராஜ்னு பேரு. நம்ம வேதந்தான்.

மொத நாளு தலவாக்கலைப் பக்கம் ஒரு அருவி. நம்ம லக்கம் அருவியெல்லாம் அதுக்குப் பேத்தி சாமி. ரோட்டோரம் வண்டிய நிறுத்துனாரு. எல்லாரும் போட்டா எடுக்க முன்னால போயிட்டாக, நான் வேன்ல தூங்குறதா நெனச்சுக்கிட்டு. நான் எங்க தூங்குனேன்? எறங்குனா கீழ தேயிலைக் காடு கெடக்கு. கொளுந்து பொங்கிப்போயி நிக்கி. இன்னும் ரெண்டு நாள் விட்டா முத்திப்போயிரும். கை சும்மா இருக்குமா? ஒரு செடிதான்னு ஆரம்பிச்சேன், அப்புறம் நெரை முழுக்க, சேலையில மடி கட்டி எடுத்துக்கிட்டே போறேன். அங்க வேல பாத்த பொம்பளைகளோட நெரையில நானும் ஒருத்தியாயிட்டேன். கங்காணி வந்து, ஏம்மா கூடை எங்க, பேரு என்ன, எந்த லயத்து வீடுன்னு அதட்டுறாரு. நான் என்ன சொல்லியிருக்கணும்? ஐயா நான் இந்தியாவுலருந்து வந்த டூரிஸ்ட்டுன்னு சொல்லியிருக்கணும்ல? கை நிக்காம, நம்ம எஸ்டேட்டுல சொல்ற மாதிரியே செபமாலை, ஆறாம் நம்பர் லயம்னு சொல்லிட்டேன்! அந்த மனுசன் நோட்டப் பொரட்டுறாரு, பொரட்டுறாரு, பேரு இல்ல. காலையில பெரட்டுக்கு வந்தியான்னு கேக்காரு. அங்கயும் பேர் கூப்பிடுறதுக்குப் பெரட்டுன்னுதான் சொல்றாக சாமி, கேட்டதும் எனக்கு ஒரே சந்தோசம், கூட ரெண்டு கை எடுத்தேன்.

மேல ஜோஜோ அம்மாவக் காணோம்னு அலறிட்டு நிக்கான். என்னையக் கண்டுபிடிச்சது இன்னாசிராஜ்தான். கண்டுபிடிச்சாரே தவிர கூப்பிடல. வரப்புல நின்னு பாத்துக்கிட்டே இருந்திருக்காரு. ஏன் கூப்பிடலன்னு கேட்டா, ரெண்டு கையும் ஒண்ண ஒண்ணு முந்திக்கிட்டுப் போச்சு, நடுவுல நிறுத்த மனசு வரலைங்கிறாரு. முப்பத்திநாலு வருசத்துல எங்கையப் பாத்து ஒருத்தர் சொன்ன மொத நல்ல வார்த்த சாமி அது. சூப்பரவைசர் எடையத்தான் பாப்பாரு, கையப் பாக்க மாட்டாரு.

அதுக்குள்ள பனி எறங்கி அருவிய மூடிருச்சு. ஜோஜோ திட்டுன திட்டுல நான் அருவியப் பத்தி வாயே தொறக்கல. மறுநா காலையில அஞ்சரைக்கு இன்னாசிராஜ் வந்து ஓட்டல் வாசல்ல நிக்காரு. அம்மா, நேத்து நீங்க மட்டுந்தான அருவியப் பாக்கலைங்கிறாரு. லிஜியும் கூட வந்தா. வெயில் பட்டு அந்தத் தண்ணி விழுகுது பாருங்க சாமி, நான் வாயத் தொறந்தபடி நின்னேன். லிஜி அருவியப் பாக்கல, என்னையும் அவரையும் மாத்தி மாத்திப் பாத்தா. அவ வெவரமான புள்ள.

அப்புறம் உலக முடிவு. பயப்படாதீக, அது எடத்துப் பேரு. ஒரு மலையோட விளிம்பு, அதுக்குக் கீழ தரையே இல்ல. நாலு மணிக்கு எந்திரிச்சு, ரெண்டு மணி நேரம் புல்லுக்காட்டுல நடந்து போனா, வெறும் பனி. ஜோஜோ இருக்கானே, இந்தப் பனிய நான் எங்க வீட்டு சன்னல்லயே பாப்பேன்னு கோவிச்சுக்கிட்டுத் திரும்பிட்டான். மத்த சனமும் போயிருச்சு. நான் போகல. முப்பத்திநாலு வருசமா பனியோட பழகியிருக்கேன், காத்து திரும்புற வாசம் தெரியும்ல. இன்னும் பத்து நிமிசம்னு நான் வாயெடுக்கேன், இன்னும் பத்து நிமிசம்னு இன்னாசிராஜ் சொல்லுதாரு. ஒண்ணா, ஒரே நேரத்துல! அவரும் லயத்துல பொறந்து வளந்தவருல்லா. சொன்ன மாதிரியே தொறந்துச்சு சாமி. கீழ காடு, ஊரு, கொளம், அதுக்கும் அங்கிட்டு கோடு கிழிச்ச மாதிரி கடலு. நான் அழுதுட்டேன். சந்தோசத்துலதான். எம்புருசன் போயி பதினோரு வருசத்துல சந்தோசத்துக்குன்னு அழுதது அன்னைக்குத்தான்.

சொல்றேன், சொல்றேன், பேருக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கேன். திமிங்கலத்த விட்டுட்டு எப்படிச் சாமி சொல்றது?

கடைசி நாளு மிரிசாங்கிற ஊர்ல திமிங்கலம் காட்ட போட்டுல நடுக்கடலுக்குக் கூட்டிட்டுப் போறாக. நான் மாட்டுப்பட்டி டேம்ல கூட போட்டு ஏறுனதில்ல. ஏற மாட்டேன்னு கரையிலயே உக்காந்துட்டேன். டிரைவருமாரு கரையில நின்னு வெத்தல போடுவாகளாம், அதுதான் வழக்கம். இவரு பத்து வருசமா ஆளுகள அங்க கூட்டிட்டு வாராரு, ஒருநா கூட போட்டுல கால வச்சதில்லயாம், கொமட்டுமாம். நான் பயப்படுறேன்னு அன்னைக்கு ஏறி வந்தாரு. வந்து என்ன செஞ்சாருங்கிறீக? கரை தாண்டுனதுலருந்து வாந்தி! தைரியம் சொல்ல வந்த மனுசனுக்கு நான் முதுகத் தடவி விட்டுக்கிட்டு இருக்கேன். அந்நேரம் பாத்து திமிங்கலம் எந்திரிக்கி. எங்க லயம் இருக்குல்லா, எட்டு வீடு, அத அப்படியே தண்ணியிலருந்து தூக்குன மாதிரி! பைபிள்ல யோனாவ முழுங்குனது இதாத்தான் இருக்கும்னு கத்துனேன். அவரு தலையத் தூக்கிப் பாத்துட்டு, அம்மா, என்னையும் முழுங்கச் சொல்லுங்கன்னுட்டு மறுபடியும் குனிஞ்சுட்டாரு. சிரிச்சு சிரிச்சு எனக்கு வயித்துவலி.

ஊருக்கு வந்து மூணாம் நாளு போன் வருது. அங்க இப்ப பனியா வெயிலான்னு கேக்காரு. பனின்னேன். சரின்னு வச்சுட்டாரு. மறுநாளும் கேட்டாரு. தெனமும் கேக்காரு சாமி. நம்ம மலையில பனி இருக்கான்னு சிலோன்லருந்து யாராவது போன் போட்டுக் கேப்பாகளா? சம்சாரம் செத்து எட்டு வருசமாச்சாம், ஒத்த மகளக் கட்டிக் குடுத்துட்டாராம். ஈஸ்டர் அன்னைக்கு நாந்தான் கேட்டேன். என்னத்தக் கேட்டேனா? இனிமே பனி பாக்க நேர்லயே வாரீகளா, நான் அங்கிட்டு வரட்டுமான்னு கேட்டேன். சரின்னாரு. அப்புறம் மூக்கச் சிந்துற சத்தம்.

எழுதுங்க சாமி. மாப்பிள்ள, தலவாக்கலை இன்னாசிராஜ், வயசு அம்பத்தெட்டு. அவரு பங்குச்சாமி குடுத்த கடுதாசி என் போன்ல இருக்கு. பொண்ணு பேரு செபமாலையம்மாள், வயசு அம்பத்தஞ்சு. என்ன சாமி முழிக்கீக? நாந்தான். வெக்கமாத்தான் இருக்கு, வெக்கத்தவிட சந்தோசம் நெறையா இருக்கு.

ஜோஜோகிட்ட மொதல்ல சொல்லணுமா? நாலு தடவ வாயெடுத்தேன். எடுக்கும்போதெல்லாம் அவன், அம்மா, நீ வேலைய விட்டதும் வீட்டு மேல ஒனக்குன்னு ஒரு ரூம் கட்டுறேன், நிமியப் பாத்துக்கிட்டு இருங்கான். பாசமாத்தான் சொல்றான். அந்தப் பாசத்த மீறி எப்படிச் சொல்றதுன்னுதான் எனக்குத் தெரியல. லிஜிக்குத் தெரியும். போங்க அத்தேன்னு சொல்லிட்டா. அவனுக்குத்தான் எப்படியிருக்குமோன்னு ராத்திரியெல்லாம் பயந்து கெடக்கேன். அவன் மொகம் சுண்டிருச்சுன்னா எங்கால் நகராது சாமி.

வழக்கமா ஓலைய வாசிக்கிறது அவன்தான். இந்த ஓலைய மட்டும் அவன் கையில குடுத்துராதீக, நீங்களே வாசிங்க. அவன் முன் பெஞ்சுல இருப்பான். நான் பொம்பளைக பக்கம் மூணாவது வரிசையில, அவன் மொகம் தெரியிற எடமாப் பாத்து உக்காந்துக்கிறேன். வாசிச்சு முடிச்சதும், இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிஞ்சவுக சொல்லலாம்னு கேப்பீகல்ல, அந்த எடத்துல மட்டும் கொஞ்சம் நிறுத்துங்க சாமி. அவன் எந்திரிக்கிறானா, என்னையத் திரும்பிப் பாத்துச் சிரிக்கிறானான்னு நான் பாத்துக்கிறேன்.