ஐந்தாம் சுற்றில் அமோஸ் டில்மன்

கடிகாரத்தோடு என் தலையெழுத்தையும் கையில் பிடித்திருக்கும் தலைவர் ஹென்றி பாவ்லாக் அவர்களே! பதினெட்டு ஆண்டுகளாகத் தோற்றும், துவளாமல் வந்து குவியும் பெரியோர்களே! பின்கட்டில் கோழி இறக்கை வறுத்து வறுத்துக் கண் சிவந்து நிற்கும் தாய்மார்களே! பஃபலோ நகரத்துத் தீயணைப்பு மண்டபத்துக்கே தீ வைக்கக் கூடியிருக்கும் என் பதினோரு எதிரிகளே, உயிர்த் தோழர்களே! பள்ளிப் பேருந்து ஓட்டும் வெரோனிகா வணங்குகிறேன்.

நம் லீக்கின் சட்டம் உங்களுக்குத் தெரியும். ஒரு வீரரைத் தேர்ந்தெடுத்து, அவர் பெயருள்ள ஸ்டிக்கரை இந்தப் பலகையில் ஒட்டத் தொண்ணூறு நொடி. மேடையேறிவிட்டாலோ, பேசி முடிக்கும்வரை கடிகாரம் நிற்க வேண்டும். நிறுத்திவிட்டீர்களா தலைவரே? நன்றி. நாம் பன்னிரண்டு பேரும் சுற்றுக்கு ஒரு வீரராக எடுத்து, காகிதத்தில் ஆளுக்கோர் அணி கட்டுகிறோம்; ஒருவர் எடுத்த வீரர் அடுத்தவருக்கு இல்லை. நிஜ பேஸ்பால் வீரர்கள் மைதானத்தில் அடித்தால் நமக்குப் புள்ளி. மூன்று ஆண்டுகளாக நான்தான் கடைசி. இந்த முறையும் கடைசியானால் என் நாற்காலி போய்விடும். இடத்துக்குக் காத்திருக்கும் பல் மருத்துவர் வந்து அதில் சாய்ந்துகொள்வார். ஆகவே, இந்த ஐந்தாம் சுற்றில் நான் சொல்லவிருக்கும் பெயர் சாதாரணப் பெயரன்று. அது அமோஸ் டில்மன்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்! என்ன சொல்கிறார் மூன்றாம் வரிசையிலிருந்து, குழாய் பழுதுபார்க்கும் லூ டிமார்கோ?

"முப்பத்தொன்பது வயசு, வெரோனிகா! அந்தாளு முதல் பேஸுக்கு ஓடி முடிக்கறதுக்குள்ள எனக்குப் பென்ஷனே வந்துடும்!"

லூ அவர்களே, ஓட வேண்டிய அவசியம் யாருக்கு? பந்தை வேலிக்கு அப்பால் அனுப்புகிறவர் நடந்தே வரலாமே! நின்று வரலாமே! நாலு பேரிடம் நலம் விசாரித்துவிட்டும் வரலாமே!

குறைகளை மறைக்க வரவில்லை நான். முழங்கால் அறுவைச் சிகிச்சை உண்மை. பந்தைத் தவறவிட்டு வெறுங்கையோடு திரும்பிய நாட்கள் ஏராளம் என்பதும் உண்மை. களத்தில் நின்று பந்து பிடிக்க மாட்டார். அடிக்க மட்டுமே வருபவருக்கென்று ஒவ்வோர் அணியிலும் இருக்கும் ஒற்றை இடத்தை அடைத்துக்கொள்வார். அதனால்தான் புள்ளிவிவரத் தாளைப் பார்த்து எல்லோரும் அவரை ஒதுக்குகிறீர்கள். ஆனால் நீங்கள் பார்த்தது எண்களை. நான் பார்த்தது மனிதரை!

போன ஆகஸ்டில் அவர் ஆட்டத்தை மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் மூன்று முறையும் ஏமாந்தார். என் பக்கத்து இருக்கைக்காரர் கத்தினார்: "போதும்யா, வீட்டுக்குப் போய் மீன் பிடி!" நான்காம் முறை வந்து நின்றவரைக் கவனித்தேன். இருபது ஆண்டுகளாக முன்காலைத் தூக்கித் தூக்கி அடித்த மனிதர், அன்று காலைத் தூக்கவேயில்லை! ஊன்றினார், ஒதுங்கினார், ஓங்கினார். பந்து போனது, போனது, வண்டி நிறுத்துமிடத்துக்கே போனது! பக்கத்து இருக்கைக்காரர் என் சோளப்பொரியைத் தலையில் கொட்டிக்கொண்டு ஆடினார். அன்று முதல் பருவத்தின் கடைசி ஆட்டம் வரை, இப்படி வேலி தாண்டிய ஹோம்ரன் எத்தனை? பதினான்கு! முப்பத்தொன்பது வயதில் தன் அடியையே மாற்றிக்கொண்டவரா கிழவர்? மாறத் தெரிந்தவரா முடிந்துபோனவர்? இல்லை! அடுத்த பருவத்தில் முப்பத்தைந்து அடிப்பார் அந்த மகராசன்! ஐந்தாம் சுற்றில் அவரை எடுக்கிறேன்! ஸ்டிக்கரைக் கொடுங்கள், என் கையாலேயே ஒட்டுகிறேன்!

என்ன இது, ஸ்டிக்கரைக் காணோம்? ஏன் மேசையில் விழுந்து சிரிக்கிறீர்கள்? தலைவரே, எதைக் காட்டுகிறீர்கள்? மூன்றாம் சுற்று... லூவின் வரிசை... அமோஸ் டில்மன்!

"நீ காரை நகர்த்தப் போனியே, அப்பவே எடுத்துட்டான்மா," என்கிறார் தலைவர்.

"அப்ப ஏங்க என்னைப் பேச விட்டீங்க?"

"நல்லாப் பேசிட்டிருந்த. நிறுத்த யாருக்கு மனசு வரும்?"

அடேய் லூ! இவ்வளவு நேரம் கிழவன் கிழவன் என்று கத்தினாயே! எழுந்திரு. சபையறியக் கேட்கிறேன்: என் முதல் சுற்று வீரரைத் தருகிறேன், அமோஸைக் கொடு.

"முடியாது, வெரோனிகா. அவர் காலைத் தூக்காம அடிச்சதை நானும் பாத்தேன். உன் மொத்த அணியையும் குடுத்தாலும் தர மாட்டேன்."

கேட்டீர்களா பெருமக்களே! முதல் சுற்று வீரரையே விலையாகச் சொன்னேன். விற்பனைக்கே இல்லை என்கிறார்! மூன்று ஆண்டுத் தோல்வியில் புள்ளிகளை மட்டுமா இழந்தேன்? எனக்கு ஆட்டம் பார்க்கத் தெரியாதோ என்று உள்ளுக்குள் அழுதிருக்கிறேன். இன்று, இந்த லீக்கில் ஐந்து முறை வென்ற லூ, நான் கண்டதையே கண்டிருக்கிறார். என் கண்ணில் பழுதில்லை! நாற்காலி போனாலும் போகட்டும், பல் மருத்துவர் கொஞ்சம் பொறுக்கட்டும்!

கத்திய வாய்களுக்கும், கைதட்டிய கைகளுக்கும், சிரிப்பை அடக்கி என்னைப் பேசவிட்ட கல்நெஞ்சங்களுக்கும் நன்றி. கடிகாரத்தை ஓடவிடுங்கள் தலைவரே! தொண்ணூறு நொடி இருக்கிறது, யாரும் மதிக்காத இன்னொரு கிழவரைத் தேடிப் பிடிக்கிறேன். வணக்கம்!