கலீபா காரணம் சொல்லவில்லை

கோழிக்குழம்புக் குண்டானைக் கவிழ்த்தது நான்தான் சார். அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். மற்றதை நம்ப உங்களுக்குச் சுலபமாக இருக்கும். நீங்கள் இதைப் போலீசுக்கு அரபியில் மாற்றிச் சொல்லும்போது சிரிப்பெல்லாம் உதிர்ந்துவிடும், பரவாயில்லை.

பெயர் தேவதாஸ். வெல்டர். முசஃபா லேபர் கேம்பில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் ரூமில் கதை சொல்வது என் வழக்கம். பாக்தாத்தை ஆண்ட கலீபா ஹாரூன் அல் ரஷீதின் கதை. கேம்புக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருக்கும் கீழக்கரை சாதிக் பாட்ஷா பாய் எனக்குச் சொல்வார். நான் அதில் உப்பும் புளியும் சேர்த்து ரூமில் ஓட்டுவேன். அன்று, கலீபாவின் ஏவலாள் மஸ்ரூர், வசீர் ஜாஃபரின், அதாவது மந்திரியின், தலையை எடுக்கும் கட்டம். அகப்பையை வாளாக வீசினேன். குண்டான் போய்விட்டது.

"பாவம்ண்ணே, இந்தக் கோழி ரெண்டு தடவ செத்துருச்சு" என்றான் பாலகுரு. சாரம் கட்டுகிற ராமநாதபுரத்துக்காரன். எல்லோரும் தயிர் ஊற்றிச் சாப்பிட்டார்கள், சிரித்துக்கொண்டேதான்.

எங்கள் ரூமின் கலீபா ரெனீஷ். பட்டம் நான் கொடுத்தது. கிரேன் ஓட்டுகிறவன், என் பக்கத்து ஊர், குளச்சல் கரைக்காரன். யார் சமைப்பது, யார் பாத்திரம் கழுவுவது என்றெல்லாம் அவன் சொன்னால் மறுபேச்சில்லை. என்னை நானே வசீராக நியமித்துக்கொண்டேன். என் பக்கத்துக் கட்டில் அவனுடையது. அவனுடைய முதல் பிள்ளைக்குப் பெயர் தேடியதே நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான்.

அடுத்த வாரம் டியூட்டி முடிந்து வந்தால், என் பெட்டியும் தலையணையும் கதவுக்கு வெளியே வராந்தாவில் இருந்தன.

"கேம்ப் பாஸ்ட்ட சொல்லி வேற ரூம் போட்டிருக்கு அண்ணே. அங்க நல்லா காத்து வரும்" என்றான் ரெனீஷ். என் முகத்தைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்துச் சொன்னான். ஜன்னலே திறக்காத கேம்பில் எந்தக் காற்று?

"என்னத்துக்குலே? குழம்பக் கவுத்ததுக்கா?"

"சே, குழம்பெல்லாம் ஒரு காரியமா. ஒண்ணுமில்லண்ணே."

அந்த 'ஒண்ணுமில்ல'யைத்தான் சார் நான் புது ரூமுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அங்கே எல்லோரும் பெஷாவர் பக்கத்து ஆட்கள். நல்ல மனிதர்கள், ரொட்டியில் பாதி பிய்த்துக் கொடுப்பார்கள். ஆனால் என் கதையைக் கேட்டுச் சிரிக்க அவர்களுக்கு மொழியில்லை. நான் மூச்சுவிடுவதே யாராவது சிரிப்பதற்காகத்தான். அதை இழந்த பிறகுதான் தெரிந்தது.

பாலகுருவிடம் கேட்டேன். தரையைப் பார்த்தான். "விடுங்கண்ணே, எங்க படுத்தா என்ன." மற்றவர்களிடம் கேட்டேன். ஒருவன் குளிக்கப் போனான், ஒருவனுக்கு அப்போதுதான் வீட்டிலிருந்து போன் வந்தது. பாய் கடைக்குப் போய், "ஹாரூன் எதுக்கு பாய் ஜாஃபரக் கொன்னாரு? கூடவே இருந்தவரு இல்லையா?" என்று கேட்டேன்.

"அதத்தான் தாசு அவரு யாருக்குமே சொல்லல. எழுதுறவங்க ஆளுக்கொரு காரணம் எழுதுறாங்க. அவரு வாயத் தொறக்கலியே."

அன்றிலிருந்து நான் ஜாஃபராகிவிட்டேன். ஜாஃபருக்குத் தலை போயிற்று, எனக்குக் கட்டில். பெரிய வித்தியாசமில்லை என்றுதான் அப்போது பட்டது. வெல்டிங் கண்ணாடிக்குள் தனியாக இருக்கும்போது யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும் சார். என் கதைமேல் பொறாமையோ? என்னைப் பற்றி யாரோ கோள் சொல்லியிருப்பானோ? ஒவ்வொரு காரணமும் ஒருநாள் மட்டும் பொருந்தும், மறுநாள் கழன்றுவிடும். காரணம் கிடைக்காத துரோகம்தான் அதிகம் வலிக்கிறது.

பிறகு ரெனீஷுக்கு லீவு கிடைத்தது. சின்னப் பிள்ளைக்கு ஞானஸ்நானம். ஊருக்குப் போகும் முன் என் ரூம் வாசலில் வந்து நின்றான்.

"வீட்டுலருந்து என்னமாச்சும் வேணுமின்னா அக்காட்ட குடுத்து விடச் சொல்லுங்க. வாறப்ப எடுத்துட்டு வாறேன்."

என் மனைவி சுகிர்தராணியைத்தான் அக்கா என்பான். நான் சரி என்றேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கேம்புக்கு வரும் புது ஆட்களுக்கெல்லாம் பாடம் எடுப்பது நான்தான். ஊறுகாய் கொண்டு வா, கருவாடு கொண்டு வா, கசகசா மட்டும் கொண்டு வராதே. நமக்கு அது குருமாவில் அரைத்து ஊற்றுகிற சாமான். இங்கே அது அபின் செடியின் விதை, பிடித்தால் உள்ளே வைத்துவிடுவார்கள். இதை நான் நடித்தே காட்டுவேன். ரெனீஷும் கேட்டுச் சிரித்திருக்கிறான்.

சுகிர்தராணிக்குப் போன் போட்டு, கறி மசாலாவோடு கசகசாவும் ஒரு பொட்டலம் வைக்கச் சொன்னேன்.

"அது அங்க கொண்டு வரக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னிய?"

"இப்ப சட்டம் மாறிப் போச்சு" என்றேன்.

அவள் நம்பினாள். மசாலாவையும் கசகசாவையும் கருவாட்டையும் பொட்டலமாகச் சுற்றி, துணிப்பையில் போட்டு வாயைத் தைத்துக் கொடுத்தாள். அடுத்தவன் வீட்டுப் பையைப் பிரித்துப் பார்ப்பது எங்கள் பக்கம் மரியாதையில்லை. ரெனீஷ் பிரிக்கவில்லை. பாடம் எடுத்தவன் வீட்டிலிருந்தே கசகசா வரும் என்று யார் நினைப்பார்கள்.

திரும்பி வரும்போது இங்கே ஏர்போர்ட்டில் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். ரூமில் இருந்தவர்கள் என்னைத் தேடித்தான் ஓடிவந்தார்கள், விவரம் தெரிந்தவன் நானாம். அவன் மனைவி ஷாஜினி போனில் அழுதாள். "ஒண்ணும் ஆகாது மக்ளே, அண்ணன் இருக்கேன்" என்று சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். அவள் அழுகை கொஞ்சம் குறைந்தது.

ஒரு நாள் அலைச்சலோடு விட்டுவிடுவார்கள், காரணம் தெரியாமல் ஒருவனை உட்கார வைத்தால் எப்படி இருக்கும் என்று அவனுக்கும் தெரியட்டும், அவ்வளவுதான் நினைத்தேன் என்று உங்களிடம் சொல்லலாம் என்றுதான் வரும் வழியில் யோசித்து வைத்திருந்தேன். அது பொய் சார். பக்கத்து கேம்பில் ஒருவன் இதே சாமானுக்காக உள்ளே போய், வேலையும் போய், ஊருக்கு அனுப்பப்பட்டது எனக்குத் தெரியும். என் பாடத்தில் அவன் கதையும் உண்டு. தெரிந்துதான் செய்தேன். கசகசா அவனுடையதல்ல, நான் வைக்கச் சொன்னது. என் மனைவிக்கும் இதில் ஒன்றும் தெரியாது. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று அவனைப் பார்க்க விட்டார்கள். நடுவில் கண்ணாடி, ஆளுக்கொரு போன். இளைத்திருந்தான். உண்மையைச் சொல்லத்தான் போனேன். அதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"அக்காட்ட ஒண்ணும் கேட்டுராதிய. பாவம், அவியளுக்குத் தெரியாது. நான் கடையில வாங்கினதுன்னு சொல்லிட்டேன்."

அந்த இடத்தில் எந்த மனிதனும் அழுதிருப்பான். நான் அழவில்லை. என் வாய் அதன் போக்கில் பழைய கேள்வியைத்தான் கேட்டது.

"லே, அன்னைக்கு எனக்க பெட்டிய எதுக்கு வெளிய வச்ச? நேராச் சொல்லு."

இங்கே உட்கார்ந்துகொண்டு இதையா கேட்கிறீர்கள் என்பதுபோல் பார்த்தான். பிறகு கூச்சத்தோடு லேசாகச் சிரித்தான்.

"கொறட்டைண்ணே. நீங்க விடுற கொறட்டையில கட்டிலே ஆடும். எனக்கு ஒறக்கமே இல்ல. கிரேன்ல இருக்கப்ப ஒருக்கா கண்ணு சொக்கி, லோடு பாலகுரு தலைக்கி மேல ஆடிட்டுப் போச்சு. சொன்னா நீங்க சங்கடப்படுவியன்னு, ஒருத்தரும் வாயத் தொறக்கப்பிடாதுன்னு நான்தான் எல்லாருட்டயும் சத்தியம் வாங்கினேன். அதாக்கும் காரியம். வேற ஒண்ணுமில்ல."